ஆறுக்குட்டியின் வண்டிக்கு மொட்டை போட்ட கதை

ஊத்துப்பாளையத்தில் ஓடாத கார் ஒன்றும் கிடையாது, ஓடிய காரும் ஒன்றும் கிடையாது. பைபாஸ் ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற பழைய கார்க் கடைகளில் எந்த வண்டியின் விலையைக் கேட்டாலும், ஒரு டாக்டர் ஆசையாக வாங்கி வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு மட்டும் எடுத்துப் போய்வந்த வண்டி என்றுதான் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் நோயாளியைவிட டாக்டர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும், அத்தனை டாக்டர்களும் கோயிலைத் தவிர வேறு திசையே தெரியாதவர்களாக இருக்க வேண்டும். வாங்க வருகிறவனுக்கும் அது பொய் என்று தெரியும், விற்கிறவனுக்கும் அவனுக்குத் தெரியும் என்பது தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கை குலுக்குவார்கள்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் குறைப்பதற்கு மற்ற ஊர்களில் திருட்டுத்தனம் என்று பெயர் இருக்கலாம், ஊத்துப்பாளையத்தில் அதற்கு மொட்டை போடுவது என்று பெயர். குழந்தைக்கு மொட்டை போடுவதைப் போலவே நல்ல நாள் பார்த்து, வண்டியைக் கிழக்குப் பார்த்து நிறுத்தி, மீட்டர் வேலை பார்க்கிற ஜெயசீலன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மீட்டருக்கு அடியில் ஒயரைச் சொருகி எண்களை வழிப்பான். வழித்து முடித்ததும் கடைக்காரன் மனைவி கையால் அரைத்த சந்தனத்தை வண்டியின் பானெட்டில் முழுக்கப் பூசுவாள், பூசணிக்காய் உடைப்பார்கள், எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றுவார்கள். வீட்டுக்காரி கைச்சந்தனம் படாத வண்டியை எவனும் வாங்க மாட்டான், ராசி இல்லை என்று விடுவான். வண்டி பொய் சொல்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, பொய்க்கு முறையாகச் சடங்கு நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாச்சிமுத்து கார்ஸ் கடையில் அந்தச் சந்தனத்தைப் பூசுகிறவள் கோகிலவாணி. நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து எத்தனையோ வண்டிகளுக்குப் பூசியிருக்கிறாள், உள்ளங்கைக் கோடுகள் எல்லாம் சந்தனம் ஏறி மஞ்சளாகக் கிடக்கும். அவளுக்குப் புருஷன் மேல் இருந்தது கோபம் இல்லை, கோபமாக இருந்தால் என்றைக்காவது ஆறியிருக்கும். அவளுக்கு இருந்தது இளக்காரம். அவன் கட்டும் வெள்ளை வேட்டி மேல் இளக்காரம், காலையில் எழுந்ததும் அண்ணமார் சாமி படத்தின் முன்னால் கண்ணை மூடி நிற்கிற பக்தி மேல் இளக்காரம், அவனை முதலாளி என்று கூப்பிடுகிற ஊர் மேல் இளக்காரம், எல்லாம் தெரிந்தும் சந்தனம் அரைக்கிற தன் கை மேலும் கொஞ்சம் இளக்காரம்.

நாச்சிமுத்துவின் வைத்தியம் ஊரறிந்தது. கியர் பெட்டி கத்தினால் மரத்தூள், இன்ஜின் புகைத்தால் கெட்டி ஆயில், ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூள், தேய்ந்த டயருக்குக் கருப்புப் பாலிஷ், உள்ளே எதன் நாற்றம் அடித்தாலும் அதற்கு மல்லிகை சென்ட். வண்டி எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதற்கு அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. கடையை விட்டுக் கிளம்பி, தண்ணீர்த்தொட்டி வளைவில் திரும்பி, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஓட வேண்டும். வளைவு தாண்டினால் அது வாங்கினவனின் வண்டி, அவனுடைய தலையெழுத்து. மெக்கானிக்குகள் எல்லாருக்கும் அவன் சொல்லித் தந்த தொழில் இந்த ஒரு வார்த்தைதான், வளைவு தாண்டினால் போதும்.

கோகிலவாணியின் அப்பா ஆறுக்குட்டி வாடகைக் கார் ஓட்டினவர். ரைஸ் மில்லைத் தாண்டி ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிற ஓட்டு வீட்டில் இருந்தார். மகள் தினமும் மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோவாள், போய்ச் சேரும்போது சோற்றில் ஆவி பறக்கிற தூரம்தான். அவருடைய வெள்ளை டீசல் செடான், ஊர் பாஷையில் டிக்கி வச்ச வண்டி, போகாத ஊர் இல்லை. பிரசவ வலி வந்தவளை ஈரோட்டுக்கு, பிணத்தைச் சொந்த ஊருக்கு, மாப்பிள்ளையைப் பழனிக்கு, துபாய் போகிறவனைக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு, வேண்டுதல்காரர்களை வேளாங்கண்ணிக்கு என்று ஓடி ஓடி அதன் மீட்டரில் இடம் போதாத அளவுக்கு எண் ஏறியிருந்தது. கண்ணில் புரை விழுந்து எதிரே வருகிற லாரி இரண்டாகத் தெரிந்த அன்றைக்கு அவர் சாவியைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார்.

"இது ஓடுன வண்டி, அம்மிணி. ஓடுனதுன்னு சொல்லியே ஓட்டு. விக்கறதா இருந்தாலும் அப்படிச் சொல்லியே வித்துரு" என்றார்.

நாச்சிமுத்து அதைக் கேட்டுவிட்டுக் கிழவருக்கு மூளை பிசகிவிட்டது என்று கடைப் பையன்களிடம் சொல்லிச் சிரித்தான். இத்தனை ஓடின வண்டி என்று சொன்னால் பேரீச்சம்பழக்காரன்கூட வாங்க மாட்டான் என்றான். கோகிலவாணி வேண்டாம் என்றாள், அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்றாள், இரண்டு நாள் அவனுக்குச் சோறு போடாமல்கூடப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஜெயசீலன் லேப்டாப்போடு வந்து நின்றபோது, என்ன நினைத்தாளோ, உள்ளே போய்ச் சந்தனக் கட்டையை எடுத்து அரைக்க உட்கார்ந்தாள். எண்கள் மளமளவென்று இறங்கி ஒரு டாக்டர் கோயிலுக்குப் போய்வந்த அளவில் நின்றன. அப்பாவின் வண்டி முகத்தில் அவளே பூசினாள்.

மற்ற வண்டிகளில் வழித்த தூரமெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. இந்த வண்டியின் தூரம் எங்கேயும் போக மறுத்துவிட்டது. மறுநாள் மத்தியானம் கோகிலவாணி தூக்குப்போசியோடு கிளம்பி ரைஸ் மில்லைத் தாண்டினால், ஓடை வர வேண்டிய இடத்தில் ஓடை வரவில்லை, ரோடு போனது. நல்ல தார் ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். நடந்தாள், நடந்தாள், சோறு ஆறுகிற வரைக்கும் நடந்தாள். மஞ்சள் தலை வைத்த ஒரு கிலோமீட்டர் கல்லில் பழனி என்று எழுதியிருந்தது, அதற்கு அப்பால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்று தெரிந்தது, அதற்கும் அப்பாலிருந்து உப்புக்காற்று அடித்தது. அவள் திரும்பி வந்து புருஷனிடம், உங்கள் வண்டி வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கிவிட்டது என்றாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரோடு அகலமாகத்தான் இருக்கிறது என்றான்.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டிருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஊத்துப்பாளையத்தைத் தெரியாது. முதல் நாள் ரோட்டைக் கூட்டுவது யார் பொறுப்பு என்று சண்டை வந்தது. இரண்டாம் நாள் ஆட்டோ ஸ்டாண்டில் அந்தப் பக்கத்துக்குத் தனி ரேட் எழுதி வைத்தார்கள். அந்த வாரத்துக்குள் பழனிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார், பிள்ளையாருக்கு முன்னால் உண்டியல் வந்திருந்தது, உண்டியலுக்கு முன்னால் அதற்குச் சொந்தக்காரர்கள் என்று இரண்டு கோஷ்டி வந்திருந்தது. டீக்கடை வந்தது, டீக்கடைக்கு எதிரே இன்னொரு டீக்கடை வந்தது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டை ஊசி வளைவில் நின்று போட்டோ பிடித்து, ஊட்டிக்குப் போய்வந்ததாகச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். கல்யாணத் தரகர்கள் ரோட்டின் தலைமாட்டில் இருப்பவனை உள்ளூர் மாப்பிள்ளை என்றும் கால்மாட்டில் குடிபோனவனை வெளியூர் மாப்பிள்ளை என்றும் ஜாதகத்தில் எழுத ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் வந்து நின்று, இந்த ரோடு தன் விடாமுயற்சியால் வந்தது என்று மைக்கில் சொன்னார், கை தட்டினார்கள்.

நாச்சிமுத்து எல்லாரையும்விட ஒரு படி மேலே போனான். ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, அலங்கார வளைவு வைத்து, மனை பிரித்து விற்றான். வளைவின் மேல் ஆறுக்குட்டி நகர் என்று எழுதியிருந்தது. மாமனாருக்கு இதைவிட மரியாதை எந்த மருமகன் செய்வான் என்று மனைவியிடம் கேட்டான். அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.

ரோடு முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு வீடு, அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கிழவர். அதனால் ஊருக்கு இதில் நஷ்டம் என்று ஒன்றும் தெரியவில்லை. கோகிலவாணி ஒருத்திதான் தினமும் போன் போட்டாள். போன் மட்டும் பழைய தூரத்திலேயே இருந்தது, பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. ஆறுக்குட்டி முதலில் எல்லாம், வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறது, கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறேன், நீ அலையாதே என்றார். பிறகு அடுப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, தடவித் தடவிப் பற்றவைக்கிறேன் என்றார். பிறகு அரிசி டின்னின் அடி கைக்குத் தட்டுகிறது என்று, ஏதோ பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்வது போலச் சொன்னார். குரல் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது. ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, வண்டியைப் பற்றியும் கேட்கவில்லை, அவர் கேட்காதது அவளுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

அவள் ஊரில் இருக்கிறவர்களிடம் எல்லாம் கெஞ்சினாள், ஒரு மூட்டை அரிசியை அந்தப் பக்கம் சேர்த்துவிடுங்கள் என்று. மனிதர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை, சிலர் கிளம்பவும் செய்தார்கள். ஆனால் ஊத்துப்பாளையத்துக்காரன் எந்த வண்டியில் கிளம்புவான், ஊத்துப்பாளையத்து வண்டியில்தான் கிளம்புவான். ஒன்று முதல் டீக்கடையில் நின்றது, ஒன்று பிள்ளையாரைத் தாண்டிக் கியர் விழாமல் நின்றது, கவுன்சிலரின் வண்டி மலைப்பாதையின் முதல் வளைவில் பின்னாலேயே உருண்டு வந்தது. ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்ட வண்டிகள் ரோடெங்கும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே மரத்தூளும் கெட்டி ஆயிலும் பார்த்து, இப்படியா ஏமாற்றுவான் என்று ஒவ்வொருவனும் மற்றவனைத் திட்டினான். வெளியூர் வண்டிக்காரர்கள் தூரத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள்.

ஆறுக்குட்டியின் வண்டி அப்போதும் கடையில்தான் நின்றுகொண்டிருந்தது. வாங்க வந்தவர்களிடம் டாக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த ரோடு இறங்கின வண்டி இதுதானுங்க என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கை நீட்டிக் காட்டிவிட்டுப் போனான். ஒரு நாள் காலையில் கடை முற்றம் கழுவுவதற்காகக் கோகிலவாணி வண்டியை எடுத்தாள். டிரைவர் மகள், பாவாடை கட்டிய வயதிலேயே ஸ்டீயரிங் பிடித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு நாச்சிமுத்து அவளை ஓட்ட விட்டதில்லை, அவ்வளவுதான். முற்றத்திலிருந்து எடுத்தவள் என்ன தோன்றியதோ ரைஸ் மில் வரைக்கும் ஓட்டினாள், ரோட்டுக்குள்ளும் கொஞ்சம் ஓட்டினாள். மீட்டரில் எண் குபுகுபுவென்று ஏறியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தால், முதல் புளியமரமும் முதல் டீக்கடையும் இருந்த இடத்தில் பழையபடி மில்லின் சுவர் நின்றது, டீக்கடைக்காரன் கையில் டம்ளரோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி தன்னுடைய தூரத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஏற்கெனவே ஓடின தூரத்தை மறுபடி கிலோமீட்டர் கிலோமீட்டராக ஓட வேண்டியதில்லை, அந்த வண்டி அதன் மேல் கொஞ்சம் உருண்டால் போதும், மிச்சம் தானாக மடிந்துகொள்ளும். அதற்குள் பானெட்டிலிருந்து ஆவி வந்தது, கிளட்ச் மிதித்தால் மிதித்த இடத்திலேயே கிடந்தது, முன்சக்கரம் கடகடவென்று ஆடியது. தள்ளிக்கொண்டுதான் திரும்பி வந்தாள்.

அன்றைக்கே புருஷனிடம், இந்த வண்டியை முழுக்கச் சரி பண்ணித் தாருங்கள் என்று கேட்டாள். விற்பதற்கு இல்லை, ஓடுவதற்கு. நாச்சிமுத்துவுக்கு முதலில் அந்த வேறுபாடே விளங்கவில்லை. விளங்கினபோது பதறிவிட்டான், வண்டி ரோட்டை விழுங்கிக்கொண்டே போனால் ஆறுக்குட்டி நகர் என்ன ஆவது, மனை வாங்கினவன் எல்லாம் வேட்டியை உருவ மாட்டானா என்றான். உங்கப்பன் இருக்கிற கொஞ்ச நாளைக்கு ஊரையே கெடுப்பதா என்றும் கேட்டான். அவள் சந்தனக் கட்டையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள்.

அதன் பிறகு நாச்சிமுத்து கார்ஸில் எந்த வண்டிக்கும் சந்தனம் விழவில்லை. ஜெயசீலன் வந்து எண்ணை வழித்துவிட்டு உட்கார்ந்திருந்தான், பூசணிக்காய் காத்திருந்தது, அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடையில் வாங்கின சந்தனப் பொடியை நாச்சிமுத்துவே குழைத்துப் பூசிப் பார்த்தான், வந்தவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். திருட்டுக்குச் சடங்கு வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த குடும்பம், இப்போது சடங்கு இல்லாமல் திருட்டு விற்கவில்லை. கடைசியில் அவன் வழிக்கு வந்தான்.

வேலை ஆரம்பித்தபோதுதான் ஒரு சங்கதி தெரிந்தது, ஊத்துப்பாளையத்தில் வண்டியை நிஜமாகச் சரி பண்ணத் தெரிந்தவன் எவனும் மிச்சம் இல்லை. மெக்கானிக்குகள் இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கை தானாகவே மரத்தூள் டப்பாவுக்குப் போனது. கோகிலவாணி ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். தேய்ந்த கிளட்ச் பிளேட்டைக் கழற்றித் தன் காலடியில் போடச் சொன்னாள், வெடித்த டைமிங் பெல்ட்டைப் போடச் சொன்னாள், சஸ்பென்ஷனில் பொடிந்த ரப்பர்களை, துருப்பிடித்த வாட்டர் பம்ப்பை, மொழுக்கென்று தேய்ந்த பிரேக் பேடுகளை, வழுக்கையான டயர்களைப் போடச் சொன்னாள். பழையதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதியதை மாட்டவிட்டாள். நாச்சிமுத்து தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் புதுச் சாமான்களுக்கு ஆள் அனுப்பினான், ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது வீட்டில் இழவு விழுந்தவன் போல நின்றான். ரேடியேட்டரை மட்டும் அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மாட்டியிருந்தார்கள், கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது.

"ஏனுங்க, ரேடியேட்டர் புதுசுதானுங்களா?" என்று கேட்டாள்.

"புதுசுதான் புள்ள. எங்கம்மா மேல ஆணை" என்றான் நாச்சிமுத்து.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அவள் சோறு வடித்து, பருப்பு வேகவைத்து, கத்திரிக்காய் சாம்பார் வைத்தாள். மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தால் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததுகூட இல்லை. போன வாரம் நிறைத்த ஞாபகம் இருந்தது, பதற்றத்தில் மறந்திருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, மஞ்சள் இல்லாமலே இறக்கினாள். அரிசி மூட்டையைப் பின் சீட்டில் ஏற்றினாள், தூக்குப்போசியைக் காலடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து இஸ்திரி போட்ட வேட்டியோடு வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டான், பொண்டாட்டி தனியாக ஓட்டிப் போனாள் என்று ஊர் பேசக் கூடாதல்லவா. ஊரே ரைஸ் மில் பக்கத்தில் கூடி நின்றது, மனை வாங்கினவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

வண்டி போனது. அது போன மாதிரி ஊத்துப்பாளையத்தில் எந்த வண்டியும் போனதில்லை, மலைப்பாதையில் திணறவில்லை, புளியமரங்கள் வந்த வேகத்தில் மடிந்தன, பிள்ளையாரும் உண்டியலும் இரண்டு கோஷ்டியும் ஒன்றாக மறைந்து பின்னால் மில் முற்றத்தில் போய் விழுந்தார்கள், கலர் கொடிகளும் வெள்ளைக் கற்களும் ஆறுக்குட்டி நகர் வளைவும் துணி மடிப்பது போல மடிந்து வண்டிக்கு அடியில் போயின, மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. பழனிக்குப் போன ரோடு வந்தது, ஈரோட்டு ஆஸ்பத்திரியின் கேட் வந்து போனது, ரயில்வே கேட் ஒன்று அவர்களுக்காகத் திறந்தது, வேளாங்கண்ணியின் கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து முகத்தில் ஈரமாகப் பட்டது. அப்பா சாப்பாட்டு நேரத்துக்கு வராத நாட்களெல்லாம் எங்கே இருந்தார் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனையையும் வழிக்கவிட்டு அதன் மேல் சந்தனத்தைப் பூசினோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, அழுதுகொண்டே கியர் மாற்றினாள். நாச்சிமுத்து மறைகிற மனைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தானே தவிர அவ்வளவாக வருத்தப்பட்டவனாகத் தெரியவில்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஓடை கண்ணுக்குத் தெரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு விரல் நுனி அளவுக்குத் தெரிந்தது. அப்போது பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ் என்று ஆவி கிளம்பியது, கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி ஒரு வாசனை அடித்தது, இன்ஜின் இரண்டு தடவை முக்கிவிட்டு நின்றது. அவள் இறங்கி பானெட்டைத் தூக்கினாள். புதுப் பெயிண்ட் உரிந்த பழைய ரேடியேட்டரிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

அவள் வழிகிறதைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"பழக்கம் புள்ள. கை தானா எடுத்துப் போட்டுருச்சு" என்றான் அவன்.

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும், அதுதான் அருவருப்பாக இருந்தது. பேராசையில் செய்திருந்தால்கூட ஒரு மனிதனைத் திட்டலாம். தண்ணீர் எடுக்கக் குடத்தைத் தேடி டிக்கியைத் திறந்தாள். குடம் இல்லை, ஜெயசீலனின் லேப்டாப் இருந்தது, சுற்றிவைத்த ஒயரோடு. கிழவருக்கு ஒரு வாய் சோற்றைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டு, திரும்புகிற வழியில் இன்னொரு மொட்டை போட்டு ஆறுக்குட்டி நகரைத் திரும்ப இறக்குவதாக இருந்தான். அவன் மனைகளுக்காக வருத்தப்படாதது ஏன் என்று இப்போது உறைத்தது.

அவள் சாவியைச் சீட்டின் மேல் வைத்தாள், இனி அந்தச் சாவி தனக்கு வேண்டாம் என்று பட்டது. அரிசியில் சுமக்க முடிந்த அளவை முந்தானையில் கட்டிக்கொண்டாள், தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள்.

"நீ முன்னால போ, நான் சரி பண்ணி எடுத்துட்டு வந்தர்றேன். எல்லாம் ஓடும்" என்றான் நாச்சிமுத்து.

"நீங்க வர்ற தூரம் எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அவள், நடந்தாள்.

விரல் நுனி அளவுக்குத் தெரிந்த வீடு அவ்வளவு சுலபத்தில் பக்கத்தில் வரவில்லை. மிச்சமிருந்த தூரம் மிச்சமிருந்த தூரம்தான், கால் தேய நடந்து பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். ஆறுக்குட்டி வாசலில் கயிற்றுக்கட்டிலில் பழந்துணி மாதிரி கிடந்தார், காலடிச் சத்தத்தில் மகள் என்று தெரிந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார். தட்டில் போட்டுப் பிசைந்து கையில் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தார், மென்றார்.

"மஞ்ச போடலையாட்ட இருக்குது, அம்மிணி."

"மஞ்ச எல்லாம் ரேடியேட்டர்ல இருக்குதுங்கப்பா" என்றாள்.

கிழவர் மென்றதை விழுங்கினார். பிறகு அவர் தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஊத்துப்பாளையம் இதையும் ஏற்றுக்கொண்டது. ரோடு போனது தன் விடாமுயற்சியால் என்று கவுன்சிலர் மைக்கில் சொன்னார், கை தட்டினார்கள். ஓடைப் பக்கம் மிச்சமிருக்கிற தூரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள், யாருக்கும் சிரமம் இல்லை. நாச்சிமுத்து ஒருவன்தான் அந்த இடத்திலேயே இருக்கிறான். வண்டியை விட்டுவிட்டு நடந்து போனால், நாச்சிமுத்து வண்டி நின்றுவிட்டது என்று ஊர் சொல்லுமே என்று அவனுக்கு மானப் பிரச்சினை. தினமும் காலையில் எதையாவது அடைத்து ஸ்டார்ட் பண்ணுகிறான், வண்டி கொஞ்ச தூரம் வருகிறது, முதல் வளைவைத் தாண்டினதும் நிற்கிறது. சாயங்காலமானால் லேப்டாப்பை எடுத்து, காலையில் ஏறின எண்ணை மறுபடி வழித்துவிடுகிறான், அத்தனை ஓடின வண்டி என்று தெரிந்தால் நாளைக்கு எவன் வாங்குவான். வழித்த தூரம் அவனுக்கும் ஓட்டு வீட்டுக்கும் நடுவில் போய் மறுபடி படுத்துக்கொள்கிறது.

அவன் ஹாரன் அடிக்கிற சத்தம் மட்டும் தினமும் கேட்கிறது. வந்துகொண்டே இருக்கிறேன் என்று அர்த்தம். முதலில் எல்லாம் ஆறுக்குட்டி தலையைத் தூக்கி, மாப்பிள்ளை வர்றாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார், இப்போது அவரும் கேட்பதில்லை. ஹாரன் அடிக்கும்போது கோகிலவாணி அப்பா வீட்டில் சோற்றை வடித்துக்கொண்டிருப்பாள். வடித்து இறக்கிவைத்துவிட்டு, இரண்டு தட்டு எடுத்து வைப்பாள்.